ஏர்பிரஷ் இல்லாமல் சின்ன ரோபோ மாடல் கிட்டுக்குப் பெயின்ட் அடித்து, போரில் அடிபட்டது மாதிரி காட்ட முடியுமா?

முடியும். உள்ளங்கை நீள மாடலுக்கு ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தால் பெயின்டைத் தெளிக்கும் கருவி) இல்லாதது பெரிய குறையே இல்லை. கேள்வியில் எந்த கிட் என்று இல்லாததால், கண்டம் (Gundam) அனிமே தொடரில் வரும், பண்டாய் நிறுவனத்தின் 1/144 அளவு (அசலில் 144-ல் ஒரு பங்கு) ஹெச்ஜி ஸாகு 2 என்கிற பச்சை ரோபோவை வைத்தே சொல்கிறேன். விண்கலமோ டாங்கியோ, எதுவானாலும் வேலை இதேதான்.

பெயின்டைத் தொடும் முன் ஒரு வகுத்தல் கணக்கு. கதைப்படி ஸாகுவின் உயரம் 17.5 மீட்டர், 144-ஆல் வகுத்தால் 12 சென்டிமீட்டர் சொச்சம். மாடலில் 1 மில்லிமீட்டர் என்பது அந்த இயந்திரத்தில் 14.4 சென்டிமீட்டர். 2 மில்லிமீட்டருக்கு ஒரு பழுப்புப் பொட்டு வைத்தால், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பெயின்ட் உரிந்திருக்கிறது என்று அர்த்தம். வெதரிங் (அடிபட்ட, பழசான தோற்றம் கொடுக்கும் வேலை) செய்து கெட்டுப்போன மாடல்களில் பல இந்தக் கணக்கைப் போடாததால் கெட்டவைதான். கருவி இல்லாததால் அல்ல.

ரன்னரிலிருந்து (பாகங்கள் ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டம்) பாகத்தை ஒரே வெட்டில் எடுக்காதீர்கள். முதல் வெட்டு கொஞ்சம் தள்ளி, இரண்டாவது வெட்டு ஒட்டி; மிச்சத்தை 400, 600, 1000 என்ற வரிசையில் உப்புத்தாள் வைத்துத் தேயுங்கள். ரன்னர் சட்டத்தின் ஓரத்தில் அது பி.எஸ். பிளாஸ்டிக்கா, ஏ.பி.எஸ்.ஸா, பி.இ.யா என்று அச்சிட்டிருக்கும். சட்டத்தைக் குப்பையில் போடும் முன் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும். பாகங்களைப் பாத்திரம் கழுவும் சோப்பில் அலசிக் காயவிட்டால் விரல் எண்ணெய் போய்விடும்.

பண்டாய் கிட்டில் பிளாஸ்டிக்கே நிறத்தோடு வருகிறது. அதனால் முழுக்கப் பெயின்ட் அடிக்கத்தான் வேண்டும் என்றில்லை. ஒரு மேட் கிளியர் (பளபளப்பில்லாத, நிறமில்லாத பூச்சு) ஸ்ப்ரே அடித்தாலே பொம்மைப் பளபளப்பு போய், பாதி வேலை முடிந்துவிடும். முதல் கிட் என்றால் இதையே செய்யுங்கள். நிறம் மாற்றியே ஆக வேண்டும் என்றால் மட்டும் பிரைமர் (பெயின்ட் பிடிக்க அடியில் போடும் பூச்சு). டமியாவின் ஃபைன் சர்ஃபேஸ் பிரைமர், மிஸ்டர் சர்ஃபேசர் 1000 இரண்டும் ஸ்ப்ரே கேனிலேயே கிடைக்கின்றன. கேனை இரண்டு நிமிடம் குலுக்கி, வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்து எடுங்கள் (கொதிநீர் கூடாது, அடுப்புப் பக்கமே போகாதீர்கள்). 20 முதல் 25 சென்டிமீட்டர் தூரம். பாகத்துக்கு வெளியே பட்டனை அழுத்தி, பாகத்தைக் கடந்துபோய் விரலை எடுக்க வேண்டும். பாகத்தின் மேலேயே தொடங்கினால், முதலில் துப்பும் பெரிய துளிகள் அங்கேயே விழுந்து வழியும்.

இனி கைப்பிரஷ். வல்லேஹோ மாடல் கலர் போன்ற அக்ரிலிக் பெயின்ட், 5 அல்லது 6 மில்லிமீட்டர் அகலத் தட்டைச் செயற்கை இழைப் பிரஷ். இரண்டு சொட்டுப் பெயின்டுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் என்று தொடங்குங்கள். தோசை மாவுப் பதத்தில் இருந்தால் பிரஷ் கோடு விழும். பால் பதத்துக்கு வர வேண்டும். ஒரு டப்பாவில் ஈர டிஷ்யூவை மடித்துப் போட்டு, மேலே கேக் வேக வைக்கும் பட்டர் பேப்பரை விரித்தால் அதுவே வெட் பேலட். கலந்த பெயின்ட் மணிக்கணக்கில் காயாது.

முதல் கோட் திட்டுத் திட்டாக, அசிங்கமாகத்தான் இருக்கும். அதைப் பார்த்துப் பதறி அதே இடத்தில் மறுபடி பிரஷ்ஷை ஓட்டுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. பாதி காய்ந்த அக்ரிலிக் மேல் பிரஷ் போனால், பெயின்ட் தோல் மாதிரி உரிந்து சுருண்டு வரும். ஒரு பக்கம் ஒரு இழுப்பு, விட்டுவிட்டு அடுத்த பாகத்துக்குப் போய்விடுங்கள். 20 நிமிடம் கழித்து இரண்டாவது கோட், முந்தையதற்குக் குறுக்கே. மூன்று கோட்டில் பச்சை மூடிவிடும். மஞ்சளும் வெள்ளையும் மூடாது. மஞ்சளுக்கு அடியில் பழுப்பு கலந்த வெளிர் நிறம், வெள்ளைக்கு அடியில் வெளிர் சாம்பல் என்று முதலில் ஒரு கோட் போட்டால் பாதி கோட் மிச்சமாகும். டமியாவின் சின்னப் பாட்டில் அக்ரிலிக் ஏர்பிரஷ்ஷில் அருமை, பிரஷ்ஷில் தொல்லை. அடுத்த கோட் கீழே உள்ளதைக் கரைத்துவிடும்.

பெயின்ட் ஏறியதும் கிளாஸ் கிளியர் (பளபளக்கும், நிறமில்லாத பூச்சு) ஸ்ப்ரே. பளபளப்புக்காக அல்ல, பேனல் கோட்டில் (தகடுகளின் இணைப்பு மாதிரி இருக்கும் பள்ளக் கோடு) ஓடவிடும் வாஷ் (நீர்த்த அடர் நிறப் பெயின்ட்) வழுக்கிக்கொண்டு ஓடுவதற்காக. மேட் பரப்பில் வாஷ் விட்டால் சொரசொரப்பில் ஊறி, காப்பி டம்ளர் வைத்த இடம் மாதிரி விளிம்புக்கறை நிற்கும். டமியா பேனல் லைன் ஆக்சென்ட்டை மூடியில் இருக்கும் பிரஷ்ஷால் பள்ளத்தின் ஒரு முனையில் தொட்டால் போதும், அதுவே ஓடிப் போய் நிரப்பும். பச்சைக்கு அடர் பழுப்பு, வெள்ளைக்குச் சாம்பல். எல்லாவற்றுக்கும் கறுப்பு போட்டால் கார்ட்டூன் மாதிரி ஆகிவிடும். அரை மணி கழித்து, எனாமல் தின்னர் லேசாகத் தொட்ட பஞ்சுக்குச்சியால் கோட்டுக்குக் குறுக்கே துடையுங்கள். கோட்டின் திசையில் துடைத்தால் பள்ளத்தில் இருப்பதும் வந்துவிடும்.

ரன்னரில் குறித்தது இங்கேதான் உதவும். இந்த வாஷ் எனாமல் வகை. பெயின்ட் இல்லாத வெறும் பிளாஸ்டிக்கில், அதுவும் இறுக்கிப் பொருத்திய மூட்டில், வழிந்து தேங்கினால் பாகம் விண்டுவிடும், ஏ.பி.எஸ். இன்னும் மோசம். பாகங்களைப் பிரித்து வைத்து, கிளியருக்கு மேல் மட்டும், கொஞ்சமாக. வெறும் பிளாஸ்டிக்கில் கோடு போட வேண்டுமென்றால் மெல்லிய முனை கண்டம் மார்க்கரே (இந்த மாடல்களுக்கென்றே வரும் பேனா) பத்திரம்.

அடுத்து அடிபட்ட தடம். ஹேர்ஸ்ப்ரே போட்டு மேல் நிறத்தைச் சுரண்டும் முறையை வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். கைப்பிரஷ்காரர்களுக்கு அது ஆகாது. மேலே பூசும்போதே பெயின்டில் உள்ள தண்ணீர் ஹேர்ஸ்ப்ரேயைக் கரைத்துவிடும். ஸ்பாஞ்ச்தான் நமக்கு. பேக்கிங்கில் வரும் பஞ்சு நுரையில் பட்டாணி அளவு பிய்த்தெடுங்கள். கத்தரியால் வெட்டினால் ஓரம் நேராகிவிடும், பிய்த்தால்தான் ஒழுங்கற்ற முனை கிடைக்கும். ட்வீசரில் பிடித்து, கறுப்பு கலந்த அடர் பழுப்பைத் தொட்டு, பழைய பேப்பரில் தட்டிக்கொண்டே இருங்கள். பேப்பரில் மண்துகள் அளவுக்குப் புள்ளி விழத் தொடங்கும்போது மாடலுக்குக் கொண்டு வாருங்கள்.

எங்கே வைப்பது? எது எதில் இடிக்கும் என்று யோசித்தால் போதும். ஸாகுவுக்கு வலத் தோளில் கேடயம், இடத் தோளில் முள். கேடயத்தின் முன் விளிம்பு, முள் நுனி, முழங்கால், பாதத்தின் முன்பகுதி, விரல் கணு. நெஞ்சின் நடுவில் காரணமில்லாமல் புள்ளி வந்தால் அம்மை போட்ட மாதிரி இருக்கும். கூடிப்போன இடத்தில் அடிப்படை நிறத்தையே ஸ்பாஞ்ச்சில் தொட்டு மேலே தட்டினால் குறைந்துவிடும்.

மழைக்கறை போன்ற வழிசலுக்கு ஓவியர்கள் வாங்கும் ஆயில் கலர் டியூப். பர்ன்ட் அம்பரைக் கொஞ்சம் அட்டையில் பிதுக்கி ஒரு மணி நேரம் விட்டால் எண்ணெயை அட்டை குடித்துவிடும். இல்லையென்றால் மாடலில் நாள்கணக்கில் காயாமல் மினுமினுக்கும். இதற்கு முன் ஒரு மேட் கோட் போட்டிருக்க வேண்டும். பல்குச்சி நுனியால் பேனலின் மேல் விளிம்பில் ஒரு துளி வைத்து, வாசனையில்லா ஒயிட் ஸ்பிரிட்டில் நனைத்து டிஷ்யூவில் ஒற்றிய பிரஷ்ஷால் நேர் கீழே இழுங்கள். ஏறக்குறைய காணாமல் போகும்வரை இழுக்கலாம். மிஞ்சுகிற நிழல்தான் சரியான அளவு.

கடைசி மேட் கோட்டுக்கு முன் ஒற்றைக்கண் பாகத்தைக் கழற்றிவிடுங்கள், மங்கிப் போகும். மழை நாளிலும் கடலோர ஊர்களின் புழுக்கத்திலும் ஸ்ப்ரே அடித்தால் வெள்ளையாகப் பூத்துவிடும், காயும் பெயின்டில் காற்றின் ஈரம் படிவதால். பயப்பட வேண்டாம், வெயில் நாளில் கிளாஸ் கிளியர் ஒரு மெல்லிய கோட் அடித்தால் பெரும்பாலும் வெள்ளை மறையும், பிறகு மறுபடி மேட்.

துப்பாக்கி விளிம்பில் 6பி பென்சிலைத் தேய்த்தால் இரும்பு மினுக்கம் வரும். முதுகு எஞ்சின் வாய்க்குக் கரி, பாதத்துக்கு மண். டமியா வெதரிங் மாஸ்டர் இல்லையென்றால் சாஃப்ட் பேஸ்டல் குச்சியை உப்புத்தாளில் உரசிய தூளே போதும், ஆயில் பேஸ்டல் உதவாது. பென்சிலும் தூளும் கடைசி மேட் கோட்டுக்கு அப்புறம்தான். அவற்றின் மேல் கிளியர் அடித்தால் மினுக்கம் செத்துவிடும், மண் நிறம் ஈரமான மாதிரி கறுத்துப் பாதி மறைந்துவிடும். அதனால் பாதத்தை எல்லாம் பூட்டி, நிற்க வைத்த பிறகு பூசுங்கள். அப்புறம் தூக்குவதென்றால் இடுப்பைப் பிடித்துத் தூக்குங்கள்.