ஃபிஃப்டீனா, ஃபிஃப்டியா? இங்கிலாந்து வார்டுக்குப் புதிதாக வந்த காட்பாடித் தங்கச்சிக்கு

"அக்கா, இங்கிலாந்து வந்து மூன்று வாரம் ஆகிறது. நர்ஸ், டாக்டர்களுக்கான ஓஇடி ஆங்கிலத் தேர்வில் கேட்கும் பகுதியில் பி வாங்கினேன். ஆனால் வார்டில் பாதிச் சொற்கள் ஒரே மாதிரிதான் காதில் விழுகின்றன. நோட்ஸ் எழுத உட்கார்ந்தால் எந்த ஸ்பெல்லிங் என்று கை நின்றுவிடுகிறது. நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?" என்று கேட்டிருக்கிறாய்.

நான் குடியாத்தத்துக்காரி. 2006-ல் இங்கிலாந்துக்கு நர்ஸாகப் போனேன். இப்போது லீவில் அம்மா வீட்டில் இருக்கிறேன், அதனால் நிதானமாகவே எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் மயங்கொலிச் சொற்கள் படித்திருப்பாய். கரை, கறை. அரை, அறை. இன்றைய பேச்சில் இவற்றை யார் சொன்னாலும் நமக்கு ஒன்றுபோலத்தான் கேட்கும். எழுதும்போதுதான் எந்த ர என்று யோசிக்கிறோம். வலி, வழி அப்படியில்லை. இரண்டுக்கும் நாக்கு வேறு வேறு இடத்தில் நிற்க வேண்டும், நாம் அசட்டையாக விடும்போதுதான் ஒன்றாகிவிடுகின்றன. ஆங்கிலத்திலும் இந்த இரண்டு வகையும் உண்டு. முதலில் இவற்றைப் பிரித்துக்கொள். நான் பிரிக்காமல், எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் போட்டு மனப்பாடம் செய்து ஒரு வருஷத்தை வீணாக்கினேன்.

கரை-கறை வகைக்குக் காதைக் குறை சொல்லாதே. அவற்றை ஆங்கிலேயர்களே காதால் பிரிக்க முடியாது. என் அப்பா ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்த்தார். ஹீல், சோல் எல்லாம் எங்கள் வீட்டில் தமிழ்ச் சொல் மாதிரியே புழங்கின. ஷூவின் ஹீலுக்கு எச், இரண்டு இ, எல். குதிகாலுக்கும் அதுவேதான். புண் ஆறுவதும் ஹீல்தான், ஆனால் அதற்கு எச்-இ-ஏ-எல். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குக் குதிகாலில் படுக்கைப் புண் வருவது உனக்குத் தெரியும். ஆக இந்த இரண்டு ஹீலையும் ஒரே வரியில் எழுத வேண்டிய நாள் சீக்கிரம் வரும். ஹெல்த் என்ற சொல்லுக்குள் எச்-இ-ஏ-எல் அப்படியே இருக்கிறது. அதை நினைத்துக்கொண்டால் மறுபடி தப்பாது.

இலியம் என்று இரண்டு உண்டு. நடுவில் இ வந்தால் சிறுகுடலின் கடைசிப் பகுதி, ஐ வந்தால் இடுப்பெலும்பின் மேல்பகுதி. ஹிப் என்பதில் ஐ இருக்கிறதே, அதுதான் அடையாளம். பிராக்டிஸ் பெயர்ச்சொல்லாக வந்தால் சி, வினையாக வந்தால் எஸ். இது பிரிட்டிஷ் வழக்கம். ஆனால் ஓரல் என்று கேட்டால் மட்டும் கொஞ்சம் நில். ஓ-வில் தொடங்கினால் வாய், ஏ-யு-வில் தொடங்கினால் காது. பல பேர் வாயில் இரண்டும் ஒரே ஒலிதான். அதனால் நான் அந்தச் சொல்லையே விட்டுவிட்டு, வாய் வழியாக என்றோ காதில் என்றோ நேரடி ஆங்கிலத்தில் சொல்லிவிடுவேன்.

உன் கவலையெல்லாம் வலி-வழி வகையின் மேல் இருக்கட்டும். அவர்கள் காதுக்கு வேறாகவும் நம் காதுக்கு ஒன்றாகவும் படும் சொற்கள் இவை.

எண்களில் தொடங்கு. நான் இங்கிலாந்து போன பிறகு வந்த முதல் குளிர்காலம், ராத்திரி ட்யூட்டி. டாக்டர் போனில் ஒரு மருந்தின் அளவைச் சொன்னார். எனக்கு ஃபிஃப்டி என்று கேட்டது, 50 என்று எழுதினேன். திருப்பிச் சொன்னபோது அவர் பதறி, "ஒன் ஃபைவ், ஒன் ஃபைவ்" என்றார். அவர் சொன்னது 15. அன்று என் கை நடுங்கியது இன்றும் நினைவிருக்கிறது. பிறகு ஏன் அப்படிக் கேட்டது என்று யோசித்தேன். தனியாகச் சொன்னால் ஃபிஃப்டீனில் அழுத்தம் கடைசியில் விழும், ஃபிஃப்டியில் முதலில் விழும். ஆனால் பின்னால் மில்லிகிராம் வந்து சேர்ந்தால் ஃபிஃப்டீனின் அழுத்தமும் முன்னால் நகர்ந்துவிடும். அதோடு கடைசி ன் அடுத்து வரும் ம்-மில் கரைந்துவிடும். அதாவது எந்த இடத்தில் அடையாளம் தேவையோ அங்கேதான் அது காணாமல் போகிறது. இதைக் காதைப் பழக்கி மட்டும் சரி செய்ய முடியாது. 13-லிருந்து 19 வரை, 30-லிருந்து 90 வரை எந்த எண் வந்தாலும் இலக்கம் இலக்கமாகத் திருப்பிச் சொல். ஒன் ஃபைவா, ஃபைவ் ஸீரோவா? யாரும் உன்னைக் குறைவாக நினைக்க மாட்டார்கள். அனுபவமுள்ளவர்களே அப்படித்தான் கேட்கிறார்கள்.

நேற்றுக் குடியாத்தம் மார்க்கெட்டில் ஒரு அம்மா "வாயப்பயம்" என்று கூவி விற்றார். யாருக்கும் குழப்பமில்லை, பழம் கண்ணெதிரே இருக்கிறது. போனில் வரும் மருந்து அளவுக்கு அப்படி எதுவும் எதிரே இல்லை.

அடுத்தது நம் ப. ஆங்கிலத்தில் சொல்லின் முதலில் வரும் பி-யில் ஒரு மூச்சுக் காற்று வெளியே வரும். நம் ப-வில் அது வராது. அதனால் நீ மாத்திரையைக் காட்டிப் பில் என்று சொன்னாலும் அவர்கள் காதில் பணம் கட்டும் பில்லாக விழலாம். கோட் ஆடாகும், கோல்ட் தங்கமாகும். ஒரு டிஷ்யூ பேப்பரை வாய்க்கு முன்னால் பிடித்துச் சொல்லிப் பார். பேப்பர் அசைந்தால் சரி. க, ட ஒலிகளுக்கும் இதே பயிற்சிதான்.

நம் வ-வும் சிக்கல்தான். ஊர்ப் பெயரையே "டபிள்யூவில் தொடங்குமா?" என்று கேட்பார்கள். வேலூரின் வி-க்கு மேல்பல் கீழ் உதட்டில் பட வேண்டும். டபிள்யூ-வுக்குப் பல் படவே கூடாது, உதடு குவிய வேண்டும். நாம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறோம். அங்கே வி-யில் தொடங்கும் வெஸ்ட் என்றால் பனியன், டபிள்யூ-வில் தொடங்கினால் மேற்கு.

எஸ்-சும் ஸெட்-டும் முடிவில் வரும் சொற்கள் எனக்கு ரொம்ப நாள் பிடிபடவில்லை. ஐஸ் என்றால் பனிக்கட்டி, ஸெட் ஒலியோடு முடிந்தால் கண்கள். கடைசி ஒலியையே உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தேன், அது தப்பு. அதற்கு முன்னால் உள்ள உயிரைக் கேள். பனிக்கட்டியில் அது சட்டென்று முடிகிறது, கண்களில் நீள்கிறது. பேக் என்ற சொல்லிலும் இதே கதை. முதுகு என்றால் குறுகும், பை என்றால் நீளும். ஒரு மாத்திரை, இரண்டு மாத்திரை என்று குறில் நெடில் எண்ணிப் பழகிய காது நமக்கு. இந்த இடத்தில் அது நிஜமாகவே கைகொடுக்கும். கேன், கான்ட் இரண்டும் அப்படித்தான். கடைசி டி பல நேரம் விழாது. ஆ என்று நீண்டு கேட்டால் "முடியாது" என்று எடுத்துக்கொள். நோயாளி நடப்பாரா மாட்டாரா என்பது அந்த ஆ-வில் இருக்கிறது.

இன்னொன்று, இது தலைகீழ். நமக்குத் தனித்தனியாக இருக்கும் சில சொற்கள் தென் இங்கிலாந்துக்காரர்களிடம் ஒன்றாகிவிடும். பின்னால் உயிர் வராவிட்டால் ஆர்-ஐ அவர்கள் ஒலிப்பதில்லை. ஆகவே சாஸும் சோர்ஸும் ஒன்று, ஃபார்மலியும் ஃபார்மர்லியும் ஒன்று. அதிகம் என்று பொருள்படும் ஹைப்பரிலும் அந்த ர் விழாது, குறைவு என்று பொருள்படும் ஹைப்போவிலிருந்து அதைப் பிரிப்பது கடைசி உயிர் மட்டும்தான். அதனால் சர்க்கரையைப் பற்றிப் பேச்சு வந்தால் "லோவா, ஹையா?" என்று கேட்டுவிடு.

டிஸ்ஃபேஜியா விழுங்குவதில் சிரமம், டிஸ்ஃபேசியா பேச்சு பாதிப்பு. ஸ்ட்ரோக் வார்டில் ஒரே ஆளுக்கு இரண்டும் இருக்கலாம். இந்தக் குழப்பத்துக்காகவே பலர் இரண்டாவதை அஃபேசியா என்கிறார்கள். நீயும் அப்படியே சொல்.

போனில் பெயர் எழுத்துக்கூட்டும்போது பி-க்கு பாப்பா, அடுத்த பி-க்கு பிராவோ, டி-க்கு டேங்கோ, இன்னொரு டி-க்கு டெல்டா, வி-க்கு விக்டர், டபிள்யூ-வுக்கு விஸ்கி. 26 எழுத்துக்கும் உள்ள இந்தச் சொற்களை ஒரு சீட்டில் எழுதி போன் பக்கத்தில் ஒட்டிவை.

இந்த ஞாயிற்றுக்கிழமை பில், கோட், வெஸ்ட், ஐஸ், பேக் ஐந்தையும் அவற்றின் ஜோடியோடு உன் குரலில் பதிவு செய்து எனக்கு அனுப்பு. எது எது என்று சொல்லாதே. நான் கேட்டு எழுதி அனுப்புகிறேன், சரியாக எழுதினேனா என்று நீ பார்.