உதவித்தொகை நின்றுவிடுமா? அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் கேள்விகள்

முதல் செமஸ்டரில் எடுத்த 15 கிரெடிட்டில் (பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு) இரண்டு பாடங்களிலிருந்து பாதியில் விலகினேன். ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) நன்றாகவே இருக்கிறது. பிறகு ஏன் எச்சரிக்கைக் கடிதம்?

அரசின் நிதியுதவி தொடர, படிப்பில் போதிய முன்னேற்றம் காட்ட வேண்டும் என்பது விதி. விலகியதற்கு மதிப்பெண் பட்டியலில் போடும் 'டபிள்யூ' ஜிபிஏவைத் தொடாது. ஆனால் எடுத்த கிரெடிட்டில் எவ்வளவு முடித்தீர்கள் என்பதும் கணக்கு. பெரும்பாலான கல்லூரிகள் 67 சதவீதம் கேட்கின்றன. விட்ட இரண்டு பாடங்கள் 6 கிரெடிட் என்றால், நீங்கள் முடித்தது 9, அதாவது 60 சதவீதம். பதற்றம் வேண்டாம். எச்சரிக்கைக் காலத்தில் உதவி தொடரும். அடுத்த செமஸ்டரில் 15 எடுத்து முழுதும் முடித்தால் 30க்கு 24, அதாவது 80 சதவீதம். இனி ஒரு பாடத்தை விடுவதற்கு முன் இந்த வகுத்தலைப் போட்டுப் பாருங்கள்.

பாடப்பிரிவை மாற்றப்போகிறேன். சிக்கல் வருமா?

வரலாம். பட்டத்துக்கு 120 கிரெடிட் என்றால், நீங்கள் எடுக்கும் மொத்தக் கிரெடிட் அதன் ஒன்றரை மடங்கான 180ஐத் தாண்டாமல் முடிக்க வேண்டும். அதற்குள் முடிக்க வழியில்லை என்று தெரிந்த உடனேயே உதவி நிற்கும். 180ஐத் தொடும்வரை காத்திருக்க மாட்டார்கள். வேறு கல்லூரியிலிருந்து வந்து, பட்டத்துக்கு ஏற்கப்பட்ட கிரெடிட்டும் இதில் சேரும். பழைய பிரிவின் பாடங்களைக் கணக்கில் சேர்ப்பார்களா என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். மாற்றும் முன்பே நிதியுதவி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

சொந்தப் பணத்தில் படித்த செமஸ்டரும் கணக்கில் வருமா?

வரும்.

அப்பா இறந்த துயரத்தில் தேர்வுகளில் தோற்றேன். உதவி நின்றுவிட்டது. மேல்முறையீட்டில் என்ன எழுதுவது?

உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். நெருங்கிய உறவினரின் மரணம் விதியே ஏற்கும் காரணம். பலர் நடந்ததைப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, அடுத்த கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடுகிறார்கள்: இப்போது என்ன மாறியிருக்கிறது? அதைத்தான் அலுவலர் தேடுவார். "மனநல ஆலோசகரைச் சந்தித்து வருகிறேன், இந்த செமஸ்டரில் 12 கிரெடிட் மட்டும் எடுக்கிறேன்" என்பதுபோல் நடப்பதைத் திட்டவட்டமாக எழுதுங்கள். இறப்புச் சான்றிதழை இணையுங்கள். ஏற்கப்பட்டால், முன்னேற்றத்தைக் கண்காணிக்கும் தற்காலிகக் காலத்துக்கு ('புரொபேஷன்') உதவி திரும்பும். ஒரே செமஸ்டரில் மீள முடியாதவர்களுக்குப் படிப்புத் திட்டம் வகுத்துத் தருவார்கள். அதை மீறாதீர்கள்.

ஒரு செமஸ்டர் படிக்காமல் இருந்தால் தானாகச் சரியாகிவிடுமா?

ஆகாது. படிக்காத செமஸ்டர் எதையும் கூட்டுவதில்லை. படித்து விகிதத்தை உயர்த்த வேண்டும், அல்லது மேல்முறையீடு ஏற்கப்பட வேண்டும்.