தொழிற்சங்கம் முதலீட்டு நிதி தொடங்கலாமா?

கேள்வி: எங்கள் சங்கத்தில் சுமார் ஆறாயிரம் உறுப்பினர்கள். எங்களுடையது வளரும் நாடு, ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. மாதச் சம்பளத்தில் சிறு தொகை பிடித்து, நிதி சேர்த்து, வேலை தரும் சிறு தொழில்களில் போடலாம் என்கிறார்கள் இளைய உறுப்பினர்கள். மூடப்போகும் எங்கள் ஆலையையே வாங்கலாம் என்றும் ஒரு யோசனை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ஆலையை வாங்கும் யோசனையை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். ஆலை மூடினால் சம்பளம் போகும். சேமிப்பும் அதே ஆலையில் இருந்தால் இரண்டும் ஒரே நாளில் போகும்.

மற்ற யோசனைக்கு நல்ல முன்னோடி உண்டு. 1980களின் தொடக்கத்தில் மந்தநிலையால் வேலையிழப்பு பெருகியபோது, கனடாவின் கியூபெக் மாகாணத்துத் தொழிலாளர் கூட்டமைப்பு 1983இல் ஓர் ஒற்றுமை நிதியைத் தொடங்கியது. இன்று அதில் 7 லட்சம் பேருக்கு மேல் சேமிக்கிறார்கள். அதன் வெற்றிக்குச் சட்டமே அடித்தளம். நிதியின் பெரும்பகுதி (தொடக்க விதிப்படி 60 சதவீதம்) உள்ளூர்த் தொழில்களில் போடப்பட வேண்டும். போட்ட பணத்தை, சில விதிவிலக்குகள் தவிர, ஓய்வு பெறும்வரை எடுக்க முடியாது. அந்தப் பூட்டுக்கு ஈடாக அரசு வருமான வரியில் கழிவு தருகிறது.

பூட்டு ஏன்? சிறு தொழிலில் போட்ட பணம் திரும்ப ஏழெட்டு வருடம் ஆகலாம். உறுப்பினர் நாளைக்கே கேட்டால் எடுத்துக் கொடுக்க எதுவும் இருக்காது.

உங்களுக்குச் சிக்கல் வரிக் கழிவில்தான். வளரும் நாடுகளில் பெரும்பாலான தொழிலாளர்களின் வருமானம் வரி வரம்புக்கே வராது. வரி கட்டாதவருக்குக் கழிவால் என்ன பயன்? அதனால் நிர்வாகமோ அரசோ உறுப்பினர் போடும் தொகைக்கு இணையாக ஒரு பங்கு போடுமா என்று பேசிப் பாருங்கள். அது கிடைக்காவிட்டால், பத்து வருடம் பூட்டி வைக்கச் சொல்லி உறுப்பினரிடம் கேட்க உங்களுக்கு முகம் இருக்காது.

கியூபெக்கை மட்டும் பார்த்து மயங்கிவிடாதீர்கள். அதே கனடாவின் மனிடோபா மாகாணத்தில், அங்குள்ள தொழிலாளர் கூட்டமைப்பின் ஆதரவில் வந்த குரோகஸ் நிதி 2004 டிசம்பரில் பங்கு விற்பனையையும், பங்குகளைத் திரும்ப வாங்கிப் பணம் தருவதையும் நிறுத்தியது. சுமார் 34,000 பேரின் பணம் மாட்டிக்கொண்டது. கையிலிருந்த நிறுவனங்களின் மதிப்பை அதிகமாகக் காட்டியது முக்கியக் குற்றச்சாட்டு. பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத நிறுவனத்துக்குச் சந்தை விலை கிடையாது, மதிப்பிடுபவர் சொல்வதுதான் விலை. ஆகவே முதலீடு செய்தவரே மதிப்பும் போடக்கூடாது. வெளி மதிப்பீட்டாளர், வருடாந்திரத் தணிக்கை இரண்டும் கட்டாயம். முதலீட்டுக் குழுவில் பாதிக்கு மேல் சங்கப் பொறுப்பில் இல்லாதவர்கள் இருக்கட்டும். நிர்வாகிகளின் உறவினர் தொழிலுக்கு ஒரு காசும் போகக்கூடாது. இதில் தாட்சண்யம் பார்த்தால் நிதியோடு சங்கமும் சேர்ந்து முங்கும்.

அப்புறம், வேலைக்காகத்தான் நிதியா, வருமானத்துக்கா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். தென்னாப்பிரிக்கச் சுரங்கத் தொழிலாளர் சங்கம் 1995இல் தொடங்கிய முதலீட்டு நிறுவனத்தின் லாபத்தில் உறுப்பினர் பிள்ளைகளுக்குப் படிப்பு உதவித்தொகை போகிறது. நல்ல காரியம். ஆனால் அது புதிய வேலைகளை உருவாக்குவதிலிருந்து வேறுபட்ட பணி. அங்கே ஆடைத் தொழிலாளர் சங்கம் முக்கியப் பங்குதாரராக இருந்த குழுமம் சூதாட்ட விடுதிகளில் பணம் போட்டபோது கிளம்பிய விமர்சனமும் இந்தக் குழப்பத்தால்தான். வேலைக்காக என்றால், எத்தனை பேர் வேலையில் சேர்ந்தார்கள் என்று மட்டும் எண்ணாதீர்கள். இரண்டு வருடம் கழித்து எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள், பக்கத்துப் போட்டி நிறுவனத்தில் எத்தனை பேர் வேலையிழந்தார்கள் என்பதையும் சேர்த்து எண்ணுங்கள்.

சரி, தொடக்கம்? இந்தியாவில் சுயதொழில் பெண்களின் சங்கமான சேவா, 1974இல் 4,000 பெண்கள் தலா 10 ரூபாய் பங்கு போட்டுத் தங்களுக்கென ஒரு கூட்டுறவு வங்கியைத் தொடங்கியது. நீங்களும் சேமிப்பு, சிறுகடன் கூட்டுறவாக இரண்டு மூன்று வருடம் நடத்திப் பாருங்கள். கணக்கு எழுதும் பழக்கம், திருப்பி வாங்கும் பழக்கம் இரண்டும் அங்கேதான் வரும். பொதுமக்களிடமோ உறுப்பினரிடமோ வைப்புத்தொகை வாங்க உங்கள் நாட்டில் என்ன அனுமதி தேவை என்பதை வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள். சம்பளப் பிடித்தத்துக்கு ஒவ்வொருவரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். முதல் பொதுக்குழுவுக்கு ஒரே ஒரு தாள் போதும்: ஒரு உறுப்பினர் விலக விரும்பினால் எப்போது, யார் போட்ட மதிப்பில், எந்தப் பணத்திலிருந்து கொடுப்பீர்கள் என்று அதில் எழுதுங்கள்.