தோளைப் பதம் பார்ப்பது துப்பாக்கியா, தோட்டாவா?

நாகர்கோவிலிலிருந்து ஒரு வங்கிக் காவலர்: எல்.ஜி. (பெரிய ஈயக் குண்டுகள் அடைத்த) தோட்டா சுட்டால் இரண்டு நாள் தோள் வலி. குண்டு பெரிதாக இருப்பதாலா?

இல்லை. சுடும்போது துப்பாக்கி தோளில் பின்னால் இடிக்கிறதே, அந்த உதையைக் குண்டின் பருமன் தீர்மானிப்பதில்லை. குழலை விட்டு வெளியேறும் மொத்த எடையும் வேகமும்தான் கணக்கு. பழைய ஆங்கில அளவில் எல்.ஜி. குண்டு 6 இருந்தால் ஒரு அவுன்ஸ். 9-ஆம் நம்பர் ரவையில், அதாவது பொடிக் குண்டில், அதே அவுன்ஸுக்கு ஐந்நூறுக்கு மேல் வரும். வேகமும் ஒன்றானால் இரண்டும் ஒரே மாதிரிதான் உதைக்கும். அதனால் தோட்டாப் பெட்டியில் குண்டுகளின் மொத்த எடை எத்தனை கிராம் என்று பாருங்கள். அதே வேகத்தில் 24 கிராமிலிருந்து 36-க்குப் போனால் எடை ஒன்றரை மடங்கு, உதையின் ஆற்றலோ ஏறக்குறைய இரண்டு மடங்கு.

அப்புறம், துப்பாக்கியின் பின்கட்டையைத் தோள் குழியில் இறுக்கி வைக்கிறீர்களா? விரல் அகல இடைவெளி விட்டாலும் துப்பாக்கி தள்ளாது, இடிக்கும். பட்டாளத்தில் ரைபிளுக்குச் சொன்ன பாடம்தான். ஓய்வு பெற்றதும் பலருக்கு மறந்துவிடுகிறது.

மார்த்தாண்டம் கல்லூரி மாணவி: டிராப் (பறக்கும் தட்டைச் சுடும் போட்டி) பழக 12 போர் வேண்டாம், 20 போர் வாங்கு என்கிறார்கள். உதை குறையுமா?

போர் என்பது குழலின் அளவு; எண் கூடினால் குழல் சிறிது. 20 போர் துப்பாக்கி பொதுவாக எடை குறைந்தது. 24 கிராம் தோட்டாவை இரண்டிலும் போட்டால் இலேசானதுதான் அதிகம் உதைக்கும். ஒலிம்பிக் டிராப்பிலேயே ரவை 24 கிராம்தான். 2024 பாரிஸில் நம் பிருத்விராஜ் தொண்டைமான் சுட்டதும் அந்த அளவில்தான். ஒரு சுற்றுக்கு 25 தட்டு, தட்டுக்கு இரண்டு தோட்டா வரை போகலாம். சோர்வில்லாமல் தூக்க முடிகிற கனமான 12 போரே உங்களுக்குச் சரி.

குலசேகரம் வாசகர்: தாத்தாவின் இரட்டைக் குழலில் இரண்டரை அங்குலம் என்று பொறித்திருக்கிறது. 70 மி.மீ. தோட்டா நன்றாக உட்காருகிறதே?

உட்காரும், அதுதான் ஆபத்து. தோட்டாவின் நீளம் சுட்டு வாய் விரிந்த பிறகு அளப்பது. தோட்டா உட்காரும் அறை உங்களுடையதுபோல் இரண்டரை அங்குலம், அதாவது சுமார் 65 மி.மீ. என்றால் அந்த வாய் குழல் குறுகும் இடத்தில் போய் விரியும், அழுத்தம் எகிறும். தோளை விடுங்கள், குழலுக்கே கேடு. போடாதீர்கள்.

அருமனை வாசகர்: பழைய தோட்டா ஒன்று ‘புஸ்’ஸென்று போனது, உதையே இல்லை. நல்லதுதானே?

ஐயோ, இல்லை! இரண்டு பருவமழை ஈரம் குடித்த மருந்து சரியாக எரியவில்லை. மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்பு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். துப்பாக்கியைப் பிரித்து, பின்புறமிருந்து வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்காமல் மறு தோட்டா போடாதீர்கள். மீதிப் பெட்டியை உரிமம் பெற்ற கடைக்காரரிடம் காட்டுங்கள்.