வளர்ந்தால் சரியாகிவிடும் என்று வாங்காதீர்கள்

சைக்கிள் பக்கம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. உயரம் 132 சென்டிமீட்டர், எடை 28 கிலோ. ஒத்தக்கடையில் யானைமலைப் பக்கம் குடியிருக்கிறோம். மலையடிவார மண் பாதையிலும் கண்மாய்க்கரையிலும் ஓட்ட மவுண்டன் பைக் வேண்டும் என்று தினமும் கேட்கிறான். கடையில் 26 இன்ச் வண்டி ஒன்றைக் காட்டினார்கள். முன்னாலும் பின்னாலும் ஷாக், இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், 21 கியர், விலை 11,000 ரூபாய். வளர்கிற பையன், இப்போதே பெரிதாக வாங்கிவிட்டால் காலேஜ் வரைக்கும் ஓடும் என்கிறார்கள். அவன் தாத்தாவும் அதையேதான் சொல்கிறார். வாங்கலாமா?
- ஒரு வாசகி, ஒத்தக்கடை

பதில்: வேண்டாம் சகோதரி. பள்ளிக்கூடச் சட்டையை ஒரு பிடி கூட்டித் தைப்பது நம் பக்கத்து வழக்கம், அது சட்டைக்குச் சரி, கை நீளமாக இருந்தால் மடித்துவிட்டுக்கொள்ளலாம். சைக்கிளை மடித்துவிட முடியாது. கால் எட்டாத வண்டியில் ஏறுகிற பையன் ஒவ்வொரு தடவை நிறுத்தும்போதும் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் இறங்கவேண்டும். தார் ரோட்டில் எப்படியோ சமாளித்துவிடுவான், கண்மாய்க்கரையில் சாய்கிற பக்கம் சரிவாக இருந்தால் என்ன செய்வான்?

நானும் இதே தப்பைச் செய்தவன்தான். என் மகளுக்கு 8 வயதில், அவள் உயரத்துக்கு மீறின, இரண்டு ஷாக் வைத்த வண்டியை வாங்கினேன். முதல் ஞாயிற்றுக்கிழமையே கீழக்குயில்குடிக்குக் கூட்டிப்போனேன், சமணர் மலை அடிவாரத்தில் தாமரைக் குளம் இருக்கிறதே, அந்தப் பக்கம். ஒரு சின்ன ஏற்றத்தில் மிதிக்க முடியாமல் வண்டி நின்றுவிட்டது, காலை ஊன்றப் பார்த்தாள், தரை எட்டவில்லை, வண்டியோடு அப்படியே சரிந்தாள். முழங்கைச் சிராய்ப்பு பத்து நாளில் ஆறிவிட்டது. ஆனால் அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் அந்த சைக்கிளைத் தொடவே இல்லை. பிள்ளைக்குத் தைரியம் போதவில்லை என்று நினைத்து நான் அவளைத்தான் கடிந்துகொண்டேன். அது இன்றைக்கும் எனக்கு மனசில் உறுத்துகிறது, அதனால்தான் இந்தப் பதிலை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அளவு. குழந்தை வண்டிகளில் 20, 24, 26 என்று சொல்வதெல்லாம் சக்கரத்தின் இன்ச் கணக்கு. பொதுவாக 115 முதல் 135 சென்டிமீட்டர் வரை உயரமுள்ள பிள்ளைக்கு 20, 130 முதல் 150 வரை 24, அதற்கு மேலே 26. உங்கள் பையன் 20-க்கும் 24-க்கும் நடுவில் நிற்கிறான். இப்படிப்பட்ட பிள்ளைக்கு உயரத்தை விடக் கால் நீளம்தான் முக்கியம். செருப்பில்லாமல் சுவரோடு ஒட்டி நிற்கவைத்து, இரண்டு காலுக்கு நடுவே ஒரு நோட்டை மேலே முட்டும்வரை ஏற்றிப் பிடித்து, தரையிலிருந்து நோட்டின் மேல் விளிம்பு வரை டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கடையில் வண்டியின் குறுக்குப் பாருக்கு மேலே அவனை நிற்கச் சொன்னால், பாருக்கும் அவனுக்கும் நடுவில் 5 சென்டிமீட்டராவது இடைவெளி இருக்கணும். மண் பாதையில் ஓட்டப்போகிறவனுக்கு இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. அப்புறம் சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கி உட்காரவைத்தால் இரண்டு காலின் முன்பாதமும் ஒரே நேரத்தில் தரையில் பதியணும். இந்த இரண்டும் பொருந்துகிற, பார் தாழ்ந்து சரிந்த 24 கிடைத்தால் அதையே எடுங்கள், மூன்று வருஷமாவது ஓடும். பொருந்தவில்லையென்றால் 20-தான், தயங்காதீர்கள். 26 பற்றிய பேச்சே இப்போதைக்கு வேண்டாம்.

தாத்தா சொல்வது எனக்குப் புரிகிறது. அவர் காலத்தில் வாடகைக் கடையில் இருந்ததே பெரிய சைக்கிள், வேறு வழியில்லாமல் குரங்கு பெடல் போட்டுக் கற்றுக்கொண்டார்கள். பேரனுக்கு வேறு வழி இருக்கிறது என்று அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், கடைக்கும் அவரைக் கூட்டிப்போங்கள், பையன் வண்டி மேலே நிற்பதைப் பார்த்தால் அவரே மனசு மாறுவார்.

அடுத்தது எடை. இதை யாரும் கேட்பதே இல்லை, கடையிலும் சொல்வதில்லை. இரும்பு ஃபிரேம், இரண்டு ஷாக், இரண்டு டிஸ்க் என்று எல்லாம் சேர்ந்தால் அந்த வண்டி 17 கிலோவுக்குக் குறையாது. 28 கிலோ பிள்ளைக்கு 17 கிலோ வண்டி என்றால், 70 கிலோ ஆள் 42 கிலோ சைக்கிளை மிதிக்கிற மாதிரி. அந்தக் காலத்துக் கறுப்பு சைக்கிளே 20 கிலோ சொச்சம்தான், அதில் இரண்டைச் சேர்த்துக் கட்டி மேட்டில் மிதிக்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள். அலாய் ஃபிரேம் போட்ட, ஷாக் இல்லாத 24 இன்ச் வண்டி 12 கிலோ அளவில் கிடைக்கும். வீட்டில் எடை பார்க்கிற மெஷின் இருந்தால் கடைக்கே எடுத்துப்போய், வண்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை, வெறுங்கையோடு ஒரு தடவை ஏறி நின்று கழித்துப் பாருங்கள். கூச்சப்பட வேண்டியதில்லை, பணம் உங்களுடையது.

ஷாக் இல்லாமல் என்ன மவுண்டன் பைக் என்று பையன் கேட்பான். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் டமால்பைஸ் மலையில் மண் ரோட்டில் இறங்கி விளையாடிய இளைஞர்கள்தான் இந்த வண்டிக்கே ஆரம்பம். 1977-ல் ஜோ ப்ரீஸ் என்பவர் அதற்கென்றே புதிதாக ஃபிரேம் கட்டினார். அந்த வண்டிகளில் ஷாக்கே கிடையாது. தடித்த டயர், உறுதியான ஃபிரேம், நம்பி இறங்கக்கூடிய பிரேக், மேட்டில் ஏற லேசான கியர், இவ்வளவுதான் வைத்து மலையில் ஓட்டினார்கள். இதை அவனிடம் கதையாகச் சொல்லுங்கள். விலை குறைந்த வண்டியில் இருக்கிற ஸ்பிரிங் பெரிய ஆள் எடைக்குச் செய்தது, 28 கிலோவுக்கு அது அசையாது. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை அவனையே அழுத்தச் சொல்லுங்கள், 2 சென்டிமீட்டர்கூட இறங்கவில்லையென்றால் அது அவனுக்கு வெறும் சுமை. பின் ஷாக் அதைவிட மோசம், மிதிக்கிற பலத்தில் ஒரு பகுதி அந்த ஸ்பிரிங்கை ஆட்டுவதிலேயே போய்விடும், கொஞ்ச நாளில் இணைப்பு தேய்ந்து கடகட என்று ஆட ஆரம்பிக்கும்.

குலுக்கலைத் தாங்க வேண்டியது டயர். 1.95 அல்லது 2.1 இன்ச் அகலம் இருந்தால் யானைமலைப் பக்கத்துப் பாதைக்குத் தாராளம். காற்றைக் கல்லு மாதிரி அடிக்காதீர்கள். அவன் எடைக்கு 25 முதல் 30 பவுண்டு போதும், ஆனால் டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே இறக்கக்கூடாது.

பிரேக் விஷயத்தில் என் ஓட்டு, சக்கர விளிம்பை இரண்டு பக்கமும் ரப்பர் கட்டையால் கவ்விப் பிடிக்கிற சாதாரண வி-பிரேக்குக்குத்தான். லேசானது, எந்தச் சின்னக் கடையிலும் சரிசெய்வார்கள். மலிவான டிஸ்க்கின் தகடு ஒரு தடவை வண்டி கீழே விழுந்தாலே வளைந்துவிடும், அப்புறம் சக்கரம் சுற்றும்போதெல்லாம் உரசும். எந்தப் பிரேக்காக இருந்தாலும் சோதனை ஒன்றுதான்: ஹேண்டில் கைப்பிடியை விடாமல், இரண்டே விரலால் அவன் லீவரை இழுத்து வண்டியை நிறுத்த வேண்டும். எட்டவில்லையென்றால் லீவர் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும், அதைத் திருகினால் லீவர் கைக்குக் கிட்டே வரும். அந்த ஸ்க்ரூ இல்லாத வண்டியை எடுக்காதீர்கள்.

கியருக்கு வந்தால், முன்னால் ஒரு பல்சக்கரம், பின்னால் 7, இது போதும். 21 என்பது கேட்கப் பெரிதாக இருக்கும், அதில் பாதிக்கு மேல் ஒன்றுக்கொன்று ஒரே மாதிரிதான், பிள்ளைகள் முன் கியரையும் பின் கியரையும் தாறுமாறாகப் போட்டுச் செயினைக் கழற்றிக்கொண்டு கைநிறைய கிரீஸோடு வருவார்கள். பின்னாலுள்ள பெரிய பல்சக்கரத்தில் 28 பல்லாவது இருக்கிறதா என்று மட்டும் எண்ணிப் பாருங்கள், மேட்டில் காப்பாற்றப்போவது அதுதான்.

கம்பெனி எது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஹெர்குலஸ், பி.எஸ்.ஏ. இரண்டும் 1949-ல் தொடங்கிய நம் சென்னை டி.ஐ. சைக்கிள்ஸ் வண்டிகள், ஹீரோ லூதியானாவிலிருந்து வருகிறது, ராக்ரைடர் டெகத்லானுடையது. எல்லாரிடமும் நல்ல மாடலும் உண்டு, சுமாரான மாடலும் உண்டு. பெயரைப் பார்த்து முடிவுசெய்யாமல், மேலே சொன்ன அளவும் எடையும் எதில் பொருந்துகிறதோ அதை எடுங்கள்.

டெலிவரி எடுக்கிற அன்றைக்கு அவசரப்படாதீர்கள். கடைகளில் வேலை மும்முரத்தில் முன் சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க்கைத் திருப்பிப் போட்டுப் பூட்டியதை நானே பார்த்திருக்கிறேன். வி-பிரேக் என்றால் முன் பிரேக்கின் கைகள் ஃபோர்க்குக்கு முன்பக்கம் இருக்கணும். இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம் சுற்றும், அதைத் தெரியாமல் பலமாக முறுக்கினால் மரையே போய்விடும். பெடல் நேராக நிற்கிறதா, சக்கரம் கோட்டமில்லாமல் சுற்றுகிறதா என்று பாருங்கள். ஒரு மாதம் ஓட்டிய பிறகு கேபிளும் ஸ்போக்ஸும் கொஞ்சம் தளரும், ஒரு தடவை கடைக்குக் கொண்டுபோய் இறுக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 11 வயது, 146 சென்டிமீட்டர். மவுண்டன் பைக்தான் வேண்டும் என்கிறாள். லேடீஸ் சைக்கிள்தான் பொம்பளைப் பிள்ளைக்கு நல்லது என்று வீட்டில் சொல்கிறார்கள்.
- ஒரு வாசகர், உசிலம்பட்டி

பதில்: அவள் கேட்டதையே வாங்கிக்கொடுங்கள் ஐயா. அந்த வளைந்த ஃபிரேம் சேலையும் பாவாடையும் கட்டி ஓட்டியவர்களுக்காக வந்தது, உடம்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவள் உயரத்துக்கு 24 கச்சிதமாக இருக்கும், மேலே சொன்ன மாதிரி நிற்கவைத்து அளந்து பாருங்கள். சுடிதார் போட்டு ஓட்டுவாள் என்றால் செயினுக்கு ஒரு கார்டு கட்டாயம் வேண்டும், துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொள்ளச் சொல்லுங்கள். பின் சக்கரத்தில் துப்பட்டா சிக்கினால் விளைவு ரொம்பக் கொடுமை.

கேள்வி: தெரிந்தவர் வீட்டில் 24 இன்ச் வண்டி பழையது ஒன்று 3,000 ரூபாய்க்குத் தருகிறார்கள். பேரனுக்கு வாங்கலாமா?
- ஒரு வாசகர், மேலூர்

பதில்: தாராளமாக வாங்கலாம். பிள்ளைகள் வண்டி தேய்வதற்குள் அவர்கள் வளர்ந்துவிடுகிறார்கள், அதனால் நல்ல நிலையில் நிறைய கிடைக்கும். ஹேண்டிலுக்குக் கீழே குழாய்கள் சேருகிற வெல்டிங் இடத்தைத் துணியால் துடைத்துப் பாருங்கள், பெயிண்டில் முடி போல ஒரு கீறல் தெரிந்தாலும் அந்த வண்டி வேண்டாம். சீட் கம்பி ஏறி இறங்குகிறதா பாருங்கள், துருப்பிடித்து இறுகியிருந்தால் பேரன் வளர வளர உயர்த்த முடியாது. செயினில் 24 கண்ணி சேர்ந்து 305 மில்லிமீட்டர் இருக்கணும், 307-ஐத் தாண்டியிருந்தால் புதுச் செயின் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

கேள்வி: ஹெல்மெட் அவசியமா? என்னுடைய பைக் ஹெல்மெட்டையே போட்டுவிடலாமா?
- ஒரு வாசகி, நாகமலை புதுக்கோட்டை

பதில்: கண்டிப்பாக வேண்டும், ஆனால் உங்களுடையது வேண்டாம். அது பிள்ளைக் கழுத்துக்குக் கனம், நம் வெயிலில் இரண்டு நிமிஷத்தில் கழற்றி எறிந்துவிடுவான். புருவத்துக்கு மேலே தலையைச் சுற்றி டேப்பால் அளந்து, அந்த சென்டிமீட்டருக்கு ஏற்ற சைக்கிள் ஹெல்மெட் வாங்குங்கள், உள்ளே இ.என். 1078 (ஐரோப்பியப் பாதுகாப்புத் தரம்) அல்லது சி.பி.எஸ்.சி. (அமெரிக்கத் தரம்) என்று முத்திரை இருக்கணும். புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடம், தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல் இடம். ஒரு தடவை பலமாக அடிபட்டால், வெளியே விரிசல் தெரியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: சீமைக் கருவேல முள்ளால் வாரம் ஒரு பஞ்சர். என்ன செய்வது?
- ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி பஞ்சர் ஆகிறதா? அப்படியென்றால் முள் நுனி இன்னும் டயருக்குள்ளேயே ஒடிந்து நிற்கிறது. டியூபை மாட்டும் முன் டயரின் உள்பக்கம் முழுக்க ஒரு துணியை வைத்து மெதுவாகத் தடவுங்கள், துணி சிக்குகிற இடத்தில் முள் இருக்கும், குறடால் பிடுங்குங்கள். டியூபுக்குள் ஊற்றுகிற பஞ்சர் திரவம் கிடைக்கிறது, சின்ன முள்ளுக்கு நன்றாகவே கேட்கிறது. 24 இன்ச் டியூப் கிராமத்துக் கடைகளில் சட்டென்று கிடைக்காது, மதுரைக்குப் போகும்போது ஒன்று கூடுதலாக வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பங்கில் காற்றடிக்கும்போது பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்ளுங்கள், கார் டயருக்கு அடிக்கிற வேகத்தில் விட்டால் சின்ன டியூப் ஒரு நொடியில் வெடித்துவிடும்.