வீட்டை அடகு வைத்து மருத்துவம் வேண்டாம்

நிபோங் தெபாலிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். கணவர் செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டுகிறார். மகள் பல்கலைக்கழக நுழைவுக்கான எஸ்.டி.பி.எம். தேர்வை முடித்திருக்கிறாள். வீட்டை அடகு வைத்தாவது தனியார் கல்லூரியில் மருத்துவம் படிக்க வையுங்கள் என்று பெரியப்பா விடாமல் சொல்கிறாராம். மகளுக்கோ இயற்பியலில், அதிலும் அலைகளில்தான் நாட்டம்.

உங்கள் கவலை புரிகிறது, அம்மா. ஆனாலும் அடகு வைக்காதீர்கள். செலவு பல இலட்சம் ரிங்கிட். ஐந்தாண்டுப் படிப்பு, ஈராண்டுப் பயிற்சி. அதற்குப் பிறகும், மருத்துவர்களை ஒப்பந்தத்தில் அமர்த்தும், 2016 டிசம்பரில் வந்த முறையால் நிரந்தர அரசு வேலைக்கு உத்தரவாதம் இல்லை. தவணை கட்டப்போவது பெரியப்பா அல்ல, நீங்கள்.

கணக்கியல், ஆசிரியர் பயிற்சி பற்றிச் சொல்லப் பலர் இருக்கிறார்கள். நான் சொல்வது மின்னணுப் பொறியியல். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் உங்கள் ஊரில்தான் இருக்கிறது. விடுதிச் செலவுகூட மிச்சம்.

அந்த வழியில் போனால் உங்கள் மகள் எதைத் தொடலாம் தெரியுமா? ரேடார் அனுப்பும் அலை பொருளில் பட்டுத் திரும்புகிறது. தொலைவு இரட்டித்தால் திரும்பும் திறன் பதினாறில் ஒரு பங்காகிவிடும். நடுவே கட்டடம் மறைத்தால் பெரும்பாலும் எதுவுமே திரும்பாது. இதற்காக இப்போது ஆராயப்படுவதுதான், தேவைக்கேற்ப மாற்றியமைக்கக்கூடிய பிரதிபலிப்புப் பலகை. அதில் நூற்றுக்கணக்கான சிறு உலோகத் துண்டுகள். ஒவ்வொன்றிலும் டையோடு போன்ற ஒரு சிறு மின்னணு உறுப்பு. அது, துண்டில் பட்டுத் திரும்பும் அலையைச் சற்றே முன்பின்னாக நகர்த்துகிறது. எல்லா அலைகளும் இலக்கில் ஒத்துச் சேரும்படி அமைத்தால், மறைந்திருக்கும் பொருளும் புலப்படும். போகவும் வரவும் பலகை வழியே என்றால், துண்டுகளை இரட்டிப்பாக்கும்போது திரும்பும் திறன் கோட்பாட்டளவில் பதினாறு மடங்கு! ஆனால் இரண்டு கட்டப் பயணத்தில் அலை மிகவும் தேய்ந்துவிடும். அதனால் பலகை ரேடாருக்கோ இலக்குக்கோ அருகில் இருக்க வேண்டும். இலக்கு எங்கே என்று தெரியாதபோது துண்டுகளை எப்படி அமைப்பது? அந்தக் கணக்குக்கு இன்னும் ஆட்கள் வேண்டும். ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தர நிறுவனம் இத்தகைய பலகைகளுக்கென்றே 2021இல் ஒரு குழு அமைத்தது.

இந்தப் பெயரில் நாளையே வேலை கிடைக்காது. ஆய்வு செய்ய முதுகலையும் வேண்டும். ஆனால் இதற்கு அடித்தளமான மின்காந்தவியலும் சமிக்ஞைச் செயலாக்கமும் தெரிந்தவருக்கு பாயான் லெப்பாஸ், கூலிம் மின்னணுத் தொழிற்சாலைகள் தொலைவில் இல்லை.

அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யூ.பி.யூ. விண்ணப்பத்தை மகளே நிரப்பட்டும். மலேசியப் பொறியாளர் வாரியம் ஏற்றுக்கொண்ட பட்டமா என்று மட்டும் நீங்கள் சரிபாருங்கள். பி.டி.பி.டி.என். என்னும் அரசுக் கல்விக் கடன் தேவைப்பட்டால் கட்டணத்துக்கு வேண்டிய அளவே எடுங்கள். வீட்டுப் பத்திரம் பெட்டியிலேயே இருக்கட்டும்.