முழுக்கக் கருப்பாக இருக்கும் படத்தில் அப்படி என்ன இருக்கிறது? பிரெஞ்சுக்காரர் பியேர் சூலாஜை ஏன் பெரிய ஓவியர் என்கிறார்கள்? அவர் படங்களுக்கு ஏன் அவ்வளவு விலை?

நீங்கள் கைப்பேசித் திரையில் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படிப் பார்த்தால் இந்தக் கேள்வி வரத்தான் செய்யும். சூலாஜின் பிற்கால ஓவியங்கள் நாம் நிற்கும் இடத்துக்குத் தகுந்தபடி மாறுபவை. கேமரா நிற்பதோ ஒரே இடத்தில்.

தென் பிரான்ஸில் மோன்பெலியே நகரின் ஃபாப்ர் அருங்காட்சியகத்தில், அவரே நன்கொடையாகக் கொடுத்த ஓவியங்களை நேரில் பார்த்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் கருப்புச் சாயம் கெட்டியாகக் கிடக்கிறது. ஒரு பகுதியை வழவழவென்று இழுத்துவிட்டிருக்கிறார். பக்கத்திலேயே தூரிகை கீறிய வரிகள், உழுத சால் மாதிரி ஒரே திசையில் ஓடுகின்றன. ஒவ்வொரு வரியின் விளிம்பிலும் வெளிச்சம் பட்டுத் திரும்புகிறது. இரண்டடி இடப்பக்கம் நகர்ந்தால் கருப்பாக இருந்த பட்டை வெள்ளி நிறமாகிறது, பளிச்சென்று இருந்தது அணைந்துவிடுகிறது. பூசியிருப்பது ஒரே சாயம். ஆனால் கண்ணுக்குத் தெரிவது சாம்பல், நீலம், வெள்ளி. அவருடைய உண்மையான சாயம் வெளிச்சம்தான். அதைப் பிடித்து வைக்கத்தான் கருப்பு தேவைப்பட்டது.

இந்த இடத்துக்கு அவர் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1919 டிசம்பரில் ரோடெஸ் என்ற சிறிய ஊரில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது வெள்ளைத் தாளில் கருப்பு மையால் கோடு கோடாக இழுத்துக்கொண்டிருந்தாராம். என்ன வரைகிறாய் என்று கேட்டதற்கு, பனி என்றாராம். கருப்பை வைத்த பிறகு தாளின் வெள்ளை இன்னும் வெளுப்பாகத் தெரிந்தது என்பது அந்த வயதிலேயே பிடிபட்டிருக்கிறது. அப்புறம், பள்ளி நாட்களில் பக்கத்தில் இருக்கும் கோங்க் கிராமத்தின் பழைய மடாலயக் கோவிலுக்குப் போனபோதுதான் ஓவியனாவது என்று முடிவு செய்ததாகப் பல முறை சொல்லியிருக்கிறார். போர்க்காலத்தில் ஜெர்மனிக்குக் கட்டாய வேலைக்குப் போவதைத் தவிர்க்க, பொய் அடையாளத் தாள்களோடு மோன்பெலியே பக்கம் திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்த்தார்.

போர் முடிந்து 1946-ல் பாரிஸ் புறநகரில் குடியேறியபின் வரைந்தவைதான் எனக்கு மிகவும் பிடித்தவை. கலைப்பொருள் கடைச் சாயத்தை விட்டுவிட்டு, தச்சர்கள் மரத்துக்குப் பூசும் வால்நட் தொலிச் சாயத்தை எடுத்துக்கொண்டார். சுவருக்கு வண்ணம் அடிப்பவர்களின் அகலத் தூரிகையால் தாளில் பட்டை பட்டையாக இழுத்தார். 1948-ல் ஜெர்மனியில் பிரெஞ்சு அரூப ஓவியக் (உருவங்களை வரையாத ஓவியம்) கண்காட்சி ஒன்று நடந்தது. மூத்தவர்கள் பலர் இருக்க, சுவரொட்டியில் அச்சானது இந்த இளைஞரின் படம். ஐம்பதுகளில் நியூயார்க் அருங்காட்சியகங்களும் வாங்கத் தொடங்கிவிட்டன.

1979 ஜனவரியில்தான் திருப்பம். மணிக்கணக்காக ஒரு படத்தோடு மல்லுக்கட்டி, கருப்பு மேலே கருப்பாகச் சேர்ந்துகொண்டே போக, வெறுத்துப்போய்த் தூங்கப் போய்விட்டார். எழுந்து வந்து பார்த்தபோது, தான் கருப்போடு வேலை செய்யவில்லை, அது திருப்பி அனுப்பும் வெளிச்சத்தோடு வேலை செய்துகொண்டிருக்கிறோம் என்று புரிந்திருக்கிறது. அப்போது வயது 59. நாற்பது வருடத்துக்கு மேல் அந்த ஒன்றையே தோண்டிக்கொண்டிருந்தார். 2022 அக்டோபரில் 102 வயதில் காலமானார். படங்களுக்குப் பெயர்கூட வைக்கமாட்டார். ஓவியம், இத்தனைக்கு இத்தனை செ.மீ., இன்ன தேதி, அவ்வளவுதான். பார்ப்பவர் தலையில் எதையும் முன்கூட்டியே ஏற்றக்கூடாது என்ற அந்தப் பிடிவாதம் எனக்கு மரியாதைக்குரியதாகப் படுகிறது.

இதெல்லாம் கண்கட்டு என்று இன்னமும் தோன்றினால், கோங்க் கோவிலின் சன்னல்களைப் பற்றிப் படியுங்கள். சிறு வயதில் அவரை ஆட்கொண்ட அதே கோவிலின் 104 திறப்புகளுக்கும் கண்ணாடி செய்யும் பணி எண்பதுகளில் அவரிடம் வந்தது. வண்ணக் கண்ணாடி வேண்டாம் என்றார். வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும், ஆனால் வெளியே இருப்பது தெரியக்கூடாது. அப்படி ஒரு கண்ணாடி கடையில் கிடைக்கவில்லை. திரும்பத் திரும்பச் சோதனை செய்து, கண்ணாடித் துகள்களை உருக்கித் தானே உருவாக்கினார். 1994-ல்தான் வேலை முடிந்தது. அங்கே கருப்பே கிடையாது. ஆனாலும் அதே சூலாஜ்தான்.

விலையைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். 2021-ல் நியூயார்க் ஏலத்தில் 2 கோடி டாலருக்கு மேல் போனது 1961-ல் வரைந்த படம். முழுக்கருப்பு அல்ல. சிவப்பின் மேல் கருப்பைப் பூசி, காய்வதற்குள் சுரண்டி எடுத்த காலத்து வேலை. ஏல விலையை வைத்து ஓவியத்தை எடை போட எனக்கு மனம் வரவில்லை. வாங்குகிறவர்களின் கணக்கு வேறு.

பிரான்ஸ் போகும் வாய்ப்பு கிடைத்தால் ரோடெஸுக்குப் போங்கள். 2014-ல் திறந்த சூலாஜ் அருங்காட்சியகத்தில் வால்நட் சாயப் படங்களும், சன்னல்களுக்காக அவர் செய்த முன்மாதிரி வேலைகளும் இருக்கின்றன. கோங்க் அங்கிருந்து ஏறக்குறைய 40 கி.மீ. முதலில் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டுக் கோவிலுக்குப் போனால் சன்னல்கள் இன்னும் நன்றாகப் பிடிபடும்.